கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்கிற்கும் நடுவே: பழைய எஞ்சினை மூடுமுன் அளக்க வேண்டிய இடைவெளி

பழைய அம்பாசிடர் ஒன்றின் எஞ்சினை முழுதாகப் பிரித்து, பிளாக்கைக் கழுவி, சிலிண்டர்களை ரீபோர் செய்து, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டையும் கிரைண்டிங் (கல்லில் தேய்த்துச் சீராக்குதல்) முடித்து வீட்டிற்குக் கொண்டுவந்துவிட்டால், பெரிய வேலை முடிந்தது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். புதிய பேரிங் ஷெல்களைப் பதித்து, அவற்றைப் பிடித்துக்கொள்ளும் மூடிகளான கேப்புகளை முறுக்கி, அன்றைக்கே எஞ்சினை மூடிவிட வேண்டும் என்ற ஆவல் எல்லோருக்கும் வருவதுதான். அந்த ஆவலை ஒரே ஒரு மாலைக்குத் தள்ளிவைத்துச் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. ஷாஃப்டுக்கும் ஷெல்லுக்கும் நடுவே எண்ணெய் நிற்பதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை நம் கையாலேயே அளந்து, தாளில் எழுதி வைப்பதுதான் அது. நுண்ணளவு காட்டும் கருவியான மைக்ரோமீட்டரை இதற்கு முன் ஒருமுறைகூடப் பிடிக்காதவர்களும் புரிந்துகொள்ளும்படி, அந்த இடைவெளி ஏன் வேண்டும், அதை எப்படி அளப்பது, அளந்த எண்ணை வைத்து என்ன முடிவெடுப்பது என்பவற்றை இங்கே விளக்க முயல்கிறேன்.

எடுத்துக்காட்டாக அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினையே வைத்துக்கொள்வோம். பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின் இது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலும் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இதன் உடன்பிறப்புகள் ஓடின. போர் (சிலிண்டரின் விட்டம்) 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 88.9 மி.மீ. நான்கு சிலிண்டர்கள் இருந்தும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்குபவை முன், நடு, பின் என மூன்றே மெயின் பேரிங்குகள். மூன்று இடங்களில் மட்டுமே தாங்கப்படும் ஷாஃப்ட் சுமையில் சற்றே வளையும் இயல்புடையது என்பதால், அந்த மூன்று இடங்களும் சரியாக அமைவது இதில் இன்னும் முக்கியமாகிறது. வேறு பழைய கார் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதுவேதான். எண்களை மட்டும் அந்தந்த எஞ்சினின் பழுதுபார்ப்புக் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

இடைவெளி வெற்றிடம் அன்று

முதலில் சில சொற்கள். கிராங்க் ஷாஃப்டில் பேரிங்கிற்குள் சுழலும் வழவழப்பான உருளைப் பகுதிக்கு ஜர்னல் என்று பெயர். பிளாக்கில் உட்காரும் ஜர்னல்கள் மெயின் ஜர்னல்கள். பிஸ்டன்களை ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகள் பிடித்துக்கொள்ளும் ஜர்னல்கள் பிக் எண்ட் ஜர்னல்கள். ஒவ்வொரு ஜர்னலையும் இரண்டு அரைவட்ட ஷெல்கள் மேலும் கீழுமாக அணைத்துக்கொள்கின்றன. ஷெல்லின் முதுகு எஃகு. ஜர்னலைப் பார்க்கும் உட்புறத்தில் மென்மையான உலோகக் கலவையின் மெல்லிய பூச்சு இருக்கும். ஷெல்கள் இரண்டும் சேர்ந்த துளையின் விட்டத்திலிருந்து ஜர்னலின் விட்டத்தைக் கழித்தால் கிடைப்பதே இடைவெளி; பட்டறை வழக்கில் கிளியரன்ஸ். கையேடுகள் தரும் எண் விட்டங்களின் வேறுபாடு என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. ஷாஃப்ட் நட்டநடுவில் நின்றால், சுற்றிலும் ஒவ்வொரு பக்கத்திற்கும் கிடைப்பது அந்த எண்ணில் பாதிதான்.

இந்த இடைவெளிகள் எவ்வளவு சிறியவை என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் ‘ஒரு தௌ’ என்பார்கள், அது 0.0254 மி.மீ. நம் தலைமுடி ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு தௌ தடிமன் இருக்கும். பி-சீரிஸின் இந்த மூன்று பேரிங் எஞ்சினுக்கு அக்காலப் பிரிட்டிஷ் கையேடுகள் மெயின் பேரிங்கில் அரை தௌ முதல் இரண்டு தௌ வரை, அதாவது 0.013 மி.மீ.யிலிருந்து 0.051 மி.மீ. வரை, இடைவெளியைச் சொல்கின்றன. நாம் தேடுவது ஒரு முடியின் தடிமனுக்கும் குறைவான இடத்தை.

இவ்வளவு சிறிய இடத்தில் எண்ணெய் என்னதான் செய்துவிடும்? இந்தக் கேள்விக்கு விடை எதிர்பாராத விதமாகக் கிடைத்தது 1880களில். இரயில் அச்சுகளின் பேரிங்குகளில் உராய்வு எவ்வளவு என்று அளப்பதற்காகப் பிரிட்டனில் டவர் என்ற பொறியாளர் சோதனைகள் செய்துகொண்டிருந்தார். சுழலும் அச்சின் கீழ்ப்பகுதி எண்ணெய்த் தொட்டியில் நனைந்துகொண்டிருக்க, பேரிங் அதன் மேல் அமர்ந்து சுமையைத் தாங்கியது. எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் அவர் ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றபோது எண்ணெய் அத்துளை வழியாக உள்ளே இறங்குவதற்கு மாறாக மேலே பொங்கி வழிந்தது. துளையை அடைப்பதற்காக வைத்த தக்கையையும் மரமுளையையும் அது வெளியே தள்ளியது. அழுத்தமானி பொருத்திப் பார்த்தால், பேரிங்கின் மீதிருந்த சராசரிச் சுமை சதுர அங்குலத்திற்கு 100 பவுண்டாக இருக்க, முள் 200ஐத் தாண்டிப் போயிற்று. சுழலும் அச்சு தன்னைச் சுற்றி ஒட்டியிருக்கும் எண்ணெயைக் குறுகலான பக்கத்திற்கு இழுத்துச் சென்று ஆப்பு அடிப்பதுபோல் திணிக்கிறது என்பதையும், அந்த எண்ணெய் ஆப்பே அச்சையும் பேரிங்கையும் தொடவிடாமல் பிரித்து நிறுத்துகிறது என்பதையும் 1886இல் பொறியாளர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணித வடிவில் நிறுவினார்.

நம் எஞ்சினிலும் நடப்பது இதுவே. நிமிடத்திற்கு 3000 சுற்றில் இரண்டு அங்குல விட்டமுள்ள ஜர்னலின் மேற்பரப்பு நொடிக்கு ஏறத்தாழ 8 மீட்டர் வேகத்தில் ஷெல்லைக் கடந்து ஓடுகிறது. சிலிண்டரில் பெட்ரோல் எரியும் கணத்தில் பிஸ்டனின் தலையில் விழும் விசை, எஞ்சின் முழுச் சுமையில் இழுக்கும்போது ஒரு டன்னையும் தாண்டும். அந்த வேகத்தையும் அந்தச் சுமையையும் உலோகத்தோடு உலோகம் உரசாமல் தாங்கிக்கொள்வது சில மைக்ரான் தடிமனுள்ள எண்ணெய்ப் படலம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆயில் பம்பின் வேலை பேரிங்கிற்கு எண்ணெயைக் கொண்டுவந்து கொடுப்பது மட்டுமே. ஷாஃப்டைத் தூக்கி நிறுத்தும் அழுத்தத்தைச் சுழற்சியும் இடைவெளியின் வடிவமும் சேர்ந்துதான் உண்டாக்குகின்றன. ஆகையால் அந்த இடைவெளியையும் எஞ்சினின் ஓர் உறுப்பாகவே கருத வேண்டும் என்பது என் எண்ணம். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் அளவு இருப்பதுபோல் இதற்கும் அளவு உண்டு. ஒரே வேறுபாடு, இதைக் கடையில் வாங்க முடியாது. பொருத்துகிறவர்தான் உண்டாக்க வேண்டும்.

இடைவெளி குறைந்தால் என்னாகும் என்பது எளிதில் விளங்கும். எண்ணெய் நுழைய இடமின்றி வெப்பம் ஏறும். ஷெல்லின் மென்பூச்சு இளகி ஜர்னலில் ஒட்டும். இறுதியில் ஷெல்லே தன் இருப்பிடத்தில் சுழன்றுவிடும். பேரிங் பிடித்துவிட்டது என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். இடைவெளி கூடினால் வரும் கேடு உடனே கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உறுதியாக வந்து சேரும். ஓர் இடுக்கின் வழியே வெளியேறும் எண்ணெயின் அளவு, அந்த இடுக்கின் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதாவது இடைவெளி இரு மடங்கானால் எண்ணெய் கசிவு எட்டு மடங்காகும், 0.04 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 0.06 மி.மீ. இருந்தாலே மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடும். பம்பு தள்ளுவதெல்லாம் ஒரே பேரிங்கின் ஓரங்கள் வழியே ஓடிப்போனால் மற்றப் பேரிங்குகளுக்கும் மேலே வால்வுகளை இயக்கும் ராக்கர் ஷாஃப்டுக்கும் என்ன மிஞ்சும்? சூடேறிய எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது ஆயில் பிரஷர் விழுவதும், ஆக்சிலரேட்டரை விட்டவுடன் பிக் எண்ட் ‘டக் டக்’ என்று தட்டுவதும், சுமையில் மெயின் பேரிங் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் கனமாக முட்டுவதும் இதன் அடையாளங்கள். பி-சீரிஸின் தொடக்ககால எஞ்சின்களில் பின் மெயினில் ரப்பர் சீல் கிடையாது; ஷாஃப்டில் வெட்டிய திருகுவரிதான் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. எனவே பின் மெயினில் இடைவெளி கூடினால் அந்த எண்ணெய் கிளட்ச் பக்கம் எட்டிப் பார்க்கும்.

அளக்கும் முன்

கழற்றிய பழைய ஷெல்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அவற்றின் முதுகில் ‘010’, ‘020’ என்பதுபோல் எண் பொறித்திருக்கும். அந்தக் கிராங்க் ஏற்கெனவே எவ்வளவு தேய்க்கப்பட்டிருக்கிறது என்பதை அந்த எண் சொல்லிவிடும். 020 என்றால் ஜர்னலின் விட்டம் ஸ்டாண்டர்ட் அளவிலிருந்து 20 தௌ, அதாவது 0.508 மி.மீ., குறைக்கப்பட்டிருக்கிறது, அதை ஈடுகட்ட ஒவ்வொரு ஷெல்லும் 10 தௌ கூடுதல் தடிமனாக வார்க்கப்பட்டிருக்கிறது. அண்டர் சைஸ் ஷெல் என்பது இதுதான். பி-சீரிஸுக்கு இவை 10, 20, 30, 40 தௌ படிகளில் வந்தன. நாற்பதைத் தொட்ட கிராங்கிற்கு அடுத்த கிரைண்டிங் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

அடுத்தது தூய்மை. கிரைண்டிங் பட்டறையிலிருந்து வரும் கிராங்கின் எண்ணெய்த் துளைகளுக்குள் கல்தூள் கட்டாயம் இருக்கும். மெல்லிய நீண்ட பிரஷ்ஷால் ஒவ்வொரு துளையையும் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து, காற்றடித்து, வெள்ளைத் துணியில் கறை படியாத வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஷெல் உட்காரும் இருப்பிடத்திலும் ஷெல்லின் முதுகிலும் எண்ணெய்ப் பிசுக்குகூட இருக்கக் கூடாது. அங்கே ஒட்டியிருக்கும் ஒரு தூசு ஷெல்லை உள்ளே பிதுக்கி, நாம் தேடி அளக்கும் இடத்தையே விழுங்கிவிடும்.

வெப்பநிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 11 முதல் 12 மைக்ரான் விரியும். 50 மி.மீ. ஜர்னல் 10 டிகிரி சூடேறினால் ஆறு மைக்ரான் தடித்துவிடும். நாம் அளக்கும் இடைவெளியே சில பத்து மைக்ரான்தான். ஆகவே வெயிலில் கிடந்த கிராங்கை நிழலில் கிடந்த பிளாக்கோடு ஒப்பிட்டு அளக்காதீர்கள். கிராங்க், பிளாக், ஷெல்கள், அளவுக் கருவிகள் எல்லாவற்றையும் முந்தைய இரவே ஒரே அறையில் வைத்துவிட்டு, காலையில் வெயில் ஏறுமுன் அளப்பது நான் கடைப்பிடிக்கும் வழக்கம்.

மைக்ரோமீட்டரும் போர் கேஜும்

நம்பகமான முறை, ஜர்னலை மைக்ரோமீட்டரால் வெளியே அளப்பதும், ஷெல் பொருத்திய துளையைப் போர் கேஜால் உள்ளே அளப்பதும்தான். மெயின் ஜர்னல் சுமார் 50.8 மி.மீ. என்பதால் 50 முதல் 75 மி.மீ. வரை அளக்கும் மைக்ரோமீட்டர் வேண்டும். பிக் எண்ட் ஜர்னல் 48 மி.மீ.க்கும் குறைவு என்பதால் அதற்கு 25 முதல் 50 வரை அளப்பது வேண்டும். 0.01 மி.மீ. வரை மட்டும் படிக்கும் கருவி இந்த வேலைக்குப் போதாது. 0.04 மி.மீ. இடைவெளியில் அது செய்யக்கூடிய பிழையே கால் பங்காகிவிடும். ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டரைப் படிக்கும் கருவியை நண்பரிடம் இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு ஜர்னலையும் குறைந்தது நான்கு முறை அளக்க வேண்டும். முன் ஓரத்திற்கு அருகே ஒருமுறை, கிராங்கைக் கால் சுற்றுத் திருப்பி அதே இடத்தில் மறுமுறை. பின் ஓரத்திற்கு அருகேயும் அவ்வாறே இருமுறை. ஒரே இடத்தில் இரு திசைகளிலும் வரும் எண்கள் மாறினால் ஜர்னல் முட்டை வடிவாகத் தேய்ந்திருக்கிறது. முன்னும் பின்னும் மாறினால் சரிவாகத் தேய்ந்திருக்கிறது. மைக்ரோமீட்டரை இறுக்க அதன் நுனியிலுள்ள ராட்செட்டையே பயன்படுத்த வேண்டும். உருளையைப் பிடித்து இறுக்கினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண் வரும். எண்ணெய்த் துளையின் விளிம்பில் வைத்து அளக்காதீர்கள்.

துளையை அளக்க, ஷெல்களை அவற்றின் நாக்கு பிளாக்கிலும் கேப்பிலும் உள்ள பள்ளத்தில் விழும்படி பதித்து, எண்ணெய்த் துளைகள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துகின்றனவா என்று பார்த்து, கேப்பை அதற்குரிய இடத்தில் அதே திசையில் வைத்து, முறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள முழு அளவிற்குப் படிப்படியாக முறுக்க வேண்டும். முழு அளவிற்கு முறுக்குவதில் சலுகையே கிடையாது, அதற்கு ஒரு காரணமும் உண்டு. ஷெல்லை இருப்பிடத்தில் வைத்து விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள்; அது கேப்பின் மட்டத்திலிருந்து இம்மியளவு எழும்பி நிற்பதை உணரலாம். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். கேப்பை முறுக்கும்போது அந்த இம்மியளவு நசுங்கித்தான் ஷெல் முதுகோடு முதுகாக இருப்பிடத்தில் அழுந்தி உட்காருகிறது. எஞ்சின் ஓடும்போது சுழலாமல் நிற்கிறது. வெப்பத்தைப் பிளாக்கிற்குக் கடத்துகிறது. அரைகுறையாக முறுக்கி அளந்த துளை, எஞ்சின் ஓடும்போது இருக்கப்போகும் துளை அன்று.

எழும்பி நிற்பதைக் குறை என்று எண்ணிச் சிலர் கேப்பை அரம் போட்டுத் தேய்ப்பதையும், இடைவெளி கூடியிருந்தால் ஷெல்லுக்குப் பின்னால் காகிதத் துண்டோ மெல்லிய தகடோ வைப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். இவை இரண்டும் எஞ்சினுக்குச் செய்யும் பெரும் தீங்கு. அரம் பட்ட கேப்பால் துளை வட்டம் இழக்கும். அதைத் திருப்பிக் கொண்டுவர, துளைகளை ஒரே நேர்கோட்டில் மறுபடி கடையும் லைன் போரிங் தேவைப்படும். காகிதம் வெப்பத்தை அடைத்து, சில நூறு கிலோமீட்டருக்குள் கருகி, தன் இடத்தை வெற்றாக விட்டுவிடும். ஒருவேளை இந்தப் பழக்கம் இன்னும் பழைய எஞ்சின்களிலிருந்து வந்திருக்கலாம். 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ போன்ற கார்களில் தனி ஷெல் கிடையாது. உருக்கிய வெள்ளை உலோகத்தை இருப்பிடத்திலேயே ஊற்றி, கேப்புக்கும் பிளாக்கிற்கும் நடுவே அடுக்கு ஷிம்களை வைத்திருப்பார்கள். தேயத் தேய ஒவ்வொரு ஷிம்மாக உரித்தெடுத்து இடைவெளியைக் குறைப்பார்கள். அந்த எஞ்சினுக்கு அது முறையான வேலை. ஷெல் வைத்த எஞ்சினுக்கு அந்த வழி பொருந்தாது.

போர் கேஜைப் பயன்படுத்துவதில் ஒரு நல்ல உத்தி உண்டு. ஜர்னலை அளந்த அதே எண்ணில் மைக்ரோமீட்டரைப் பூட்டி, அதன் இரு முகங்களுக்கும் நடுவே போர் கேஜை வைத்து, டயலைப் பூச்சியத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு போர் கேஜைத் துளைக்குள் விட்டு முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால், முள் ஓர் எல்லை வரை போய்த் திரும்பும் இடத்தில் காட்டும் எண்ணே இடைவெளி. கழித்தல் கணக்கே தேவையில்லை. மைக்ரோமீட்டரில் சிறு பிழை இருந்தாலும் அது இரு பக்கமும் சேர்ந்து மறைந்துவிடும். அளக்க வேண்டிய திசை, இரு ஷெல்களும் சந்திக்கும் கோட்டிற்குச் செங்குத்தான திசை. ஷெல்லின் சுவர் நடுவில் தடித்தும் சந்திக்கும் ஓரங்களில் சற்றே மெலிந்தும் இருக்கும்படி செய்யப்பட்டிருப்பதால், ஓரத்தில் அளந்தால் இடைவெளி கூடுதலாகத் தோன்றி வீணாகக் கலங்க நேரும். பி-சீரிஸின் கனெக்டிங் ராடுகளில் பிக் எண்ட் கேப் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும் என்பதால், அங்கே செங்குத்துத் திசை ராடின் நீளவாட்டில் இராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிளாஸ்டிகேஜ்

போர் கேஜ் இல்லாதவர்களுக்கும், அளந்ததை இன்னொரு வழியில் சரிபார்க்க விரும்புகிறவர்களுக்கும் பிளாஸ்டிகேஜ் உதவும். சேமியாவைவிட மெலிந்த மெழுகு போன்ற இழை இது. ஜர்னலுக்கும் ஷெல்லுக்கும் நடுவே நசுக்கும்போது எவ்வளவு அகலமாகப் பரவுகிறதோ அதைக் கொண்டு இடைவெளியைக் கணக்கிடுகிறோம். அகலமாகப் பரவினால் இடைவெளி குறைவு. பரவாமல் குறுகலாகவே இருந்தால் இடைவெளி அதிகம். பச்சை உறையில் வருவது ஒன்று முதல் மூன்று தௌ வரை அளக்கும். சிவப்பு இரண்டு முதல் ஆறு வரை. நீலம் நான்கு முதல் ஒன்பது வரை. நம் வேலைக்குப் பச்சையே வேண்டும். அது ஒரு தௌவிலிருந்துதான் அளக்கத் தொடங்குகிறது என்பதால், அதற்கும் குறைவான இடைவெளியை இதைக்கொண்டு உறுதி செய்ய முடியாது.

பிளாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து, கிராங்கை எண்ணெய் இல்லாமல் ஷெல்களில் கிடத்துங்கள். தன் எடையால் அது பிளாக் பக்கத்து ஷெல்லில் படிந்து கிடப்பதால் இடைவெளி முழுவதும் கேப் பக்கத்திற்கு வந்துவிடும். ஜர்னலின் உச்சியில், அச்சின் நீளவாட்டில், ஓரத்திலிருந்து ஓரம் வரை எட்டும் நீளத்தில் ஓர் இழையை எண்ணெய்த் துளையில் படாமல் வைத்து, கேப்பைப் பொருத்தி முழு அளவிற்கு முறுக்கி, பிறகு தளர்த்திக் கழற்றுங்கள். இதற்கிடையே கிராங்க் இம்மியும் திரும்பக் கூடாது. திரும்பினால் இழை இழுபட்டு, வரும் எண் பொய்யாகிவிடும். காருக்கடியில் படுத்தபடி எஞ்சினை இறக்காமல் அளக்கிறவர்கள் கிராங்கை ஜாக்கியால் மெல்ல மேலே தாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கிராங்கின் எடை கேப்பின் மேல் படிந்து, இழை உண்மைக்கு மேல் நசுங்கும். நசுங்கிய பட்டையை உறையில் அச்சிட்டிருக்கும் பட்டைகளோடு ஒப்பிட்டு, எதன் அகலத்தோடு பொருந்துகிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இழையின் மிச்சத்தை நகத்தால் சுரண்டாமல் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தெடுங்கள்.

இந்த இழையின் அருமையை நான் உணர்ந்தது என் வண்டியின் கிராங்கில்தான். கிரைண்டிங் பட்டறையிலிருந்து 20 தௌ என்று சீட்டு ஒட்டி வந்தது. முன் மெயினிலும் நடு மெயினிலும் 50.31 மி.மீ.; ஷெல் துளை 50.352, ஆக 0.042 மி.மீ., ஒன்றரை தௌவுக்குச் சற்று மேல். மனம் நிறைந்தது. பின் மெயினில் கேப்பைக் கழற்றிப் பார்த்தபோது நசுங்கிய இழை ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் குறுகியும் பல்லியின் வால்போல் கிடந்தது. முதலில் கேப் கோணலாக உட்கார்ந்திருக்கும் என்று எண்ணி, துடைத்துவிட்டு மீண்டும் செய்தேன். அதே வால். மைக்ரோமீட்டரை எடுத்து ஓரங்களில் அளந்தால், முன் ஓரத்தில் 50.31, பின் ஓரத்தில் 50.29. இருபது மைக்ரான் சரிவு. அந்தப் பின் ஓரத்தில் இடைவெளி 0.062 மி.மீ. ஆகி, கையேட்டின் எல்லையைத் தாண்டியிருந்தது. அன்று காலையில் அவசரமாக ஜர்னலின் நடுவில் மட்டும் ஒருமுறை அளந்து 50.30 என்று குறித்திருந்தேன். அந்த எண் 0.052 மி.மீ. இடைவெளியைக் காட்டி, எல்லையிலேயே இருக்கிறது, பரவாயில்லை என்று என்னை நம்பவைத்திருந்தது. கிராங்கைத் திருப்பிக் கொண்டுபோய், இழை ஒட்டிய நிலையிலேயே எடுத்த படத்தைக் காட்டினேன். மெயின்கள் மூன்றையும் 30 தௌவுக்கு மறுபடி பிடித்துக் கொடுத்தார்கள். ஷெல்களை மட்டும் மீண்டும் வாங்க வேண்டியிருந்தது.

எண் வந்தபின்

அளந்த எண் கையேட்டின் எல்லைக்குள் இருந்தால் வேலை எளிது. கையேடு கிடைக்காத எஞ்சினுக்கு, ஜர்னல் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்திற்கும் ஒரு தௌ என்ற பழைய பட்டறைக் கணக்கு தோராயமான வழிகாட்டி. இரண்டு அங்குல ஜர்னலுக்கு அது இரண்டு தௌ என்று வரும். இந்தக் கணக்கை நான் சரிபார்ப்பதற்கு மட்டுமே பயன்படுத்துவேன். கையேட்டில் எண் இருக்கும்போது இதை நாடுவதில்லை.

எண் எல்லையைத் தாண்டினால் உடனே கிரைண்டிங்கிற்கு ஓட வேண்டாம். முதலில் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மறுபடி அளக்க வேண்டும். கேப்புகள் இடம் மாறியிருக்கின்றனவா, ஷெல் பெட்டியில் வேறு அளவு ஷெல் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷெல்லை எடுத்துவிட்டு வெறும் இருப்பிடத்தையும் அளந்து, அது வட்டமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்து ஜர்னல்தான் குறை என்றால், அடுத்த படி அண்டர் சைஸுக்குப் போவதே வழி. இடைவெளி குறைவாக வந்தால் ஷெல்லின் உட்புறத்தை எமரித் தாளால் தேய்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. அந்த மென்பூச்சு மிக மெல்லியது. அதில் பதிந்துகொள்ளும் எமரித் துகள்கள் எஞ்சின் ஓடும் நாளெல்லாம் ஜர்னலை அராவிக்கொண்டே இருக்கும்.

கிரைண்டிங்கிற்குக் கொடுக்கும்போது, புதிய ஷெல்களை வாங்கி அவற்றையும் சேர்த்துக் கொடுப்பதும், வேண்டிய இடைவெளியைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதும் நல்லது. ஜர்னலின் உருளை பக்கச் சுவரைச் சந்திக்கும் மூலையில் ஒரு சிறு வளைவு இருக்கும். கல்லின் ஓரம் அந்த வளைவைக் கூரிய மூலையாக வெட்டிவிட்டால், அந்த இடத்திலிருந்துதான் கிராங்க் பின்னாளில் விரிசல் விட்டு உடையும். திரும்பி வந்த கிராங்கில் நான் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான்.

விட்டத்தில் உள்ள இடைவெளி சரியானபின் நீளவாட்டு ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்க, பி-சீரிஸில் நடு மெயினின் இருபுறமும் அரைவட்டத் த்ரஸ்ட் வாஷர்கள் இருக்கின்றன. எண்ணெய்ப் பள்ளம் வெட்டிய முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் மென்முகம் பிளாக்கை ஒட்டியும் எஃகு முகம் கிராங்கில் உரசியும் கிடக்கும். டயல் கேஜைக் கிராங்கின் மூக்கில் ஊன்றி, கிராங்கை நெம்புகோலால் முன்னும் பின்னும் தள்ளினால் ஆட்டம் தெரிந்துவிடும். இந்த எஞ்சின் குடும்பத்தில் அது இரண்டு முதல் ஐந்து தௌவுக்குள் அமையும். உங்கள் எஞ்சினுக்குரிய சரியான எண் அதன் கையேட்டில் இருக்கும். கூடுதலாக இருந்தால் தடித்த வாஷர்களைப் போட்டுக் குறைக்கலாம்.

இறுதிப் பொருத்தலில் ஷெல்களுக்கும் ஜர்னல்களுக்கும் தாராளமாக எண்ணெய் விட்டு, ஒவ்வொரு மெயின் கேப்பையும் முறுக்கியதும் கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று திருப்பிப் பாருங்கள். பிஸ்டன்கள் ஏறாத கிராங்க், மூன்று கேப்புகளும் முறுக்கியபின்னும் இரு விரல்களால் தள்ளினாலே வழுக்கிச் சுழல வேண்டும். எந்தக் கேப்பை முறுக்கியபின் கனக்கிறதோ அந்தக் கேப்பை அங்கேயே கழற்றிப் பார்க்க வேண்டும்; ஓட ஓடச் சரியாகிவிடும் என்று மூடிவிடக் கூடாது. பிறகு ஒவ்வொரு கனெக்டிங் ராடாக ஏற்றி, ராடிலும் கேப்பிலும் பொறித்த எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்து, அதே சோதனையைச் செய்யுங்கள். எஞ்சினை முதன்முதலில் ஓட்டுவதற்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றி, ஆயில் பிரஷர் ஏறிய பிறகே பிளக்குகளைத் திரும்பப் போட வேண்டும். மூன்று மெயின்கள், நான்கு பிக் எண்டுகள், த்ரஸ்ட் ஆட்டம் ஆகிய எட்டு எண்களையும் தேதியோடு எழுதி, ஷெல் பெட்டியின் சீட்டையும் சேர்த்து, என் வண்டியின் கையேட்டிற்குள்ளேயே செருகி வைத்திருக்கிறேன். அடுத்த முறை இந்த எஞ்சினைப் பிரிக்கப்போகிறவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.